மண் அள்ளிய கை

ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் பாதையை விட்டு உள்ளே இறங்கினால் ஊமத்தங்கொல்லை. அங்கே செவ்வந்திக்குச் சாமை விதைக்க இரண்டு ஏக்கர் கொல்லையும், ஓடையோரம் சில புளியமரங்களும், கொழுந்தன் சின்னக்குழந்தையின் வீட்டில் ஓர் அறையும் இருந்தன. கழுத்தில் தாலி இருந்தது. கணவன் இல்லை. அவன் செத்துவிட்டான் என்று சொல்லவும் ஊர் ஒப்பவில்லை. பதினோரு வருஷம் அவள் அப்படி இருந்தாள்.

கணவன் கண்ணாயிரம் மரம் வெட்டப் போனவன். அமிர்திப் பக்கத்து மேஸ்திரி சின்னதம்பி, ஆந்திராவில் கோயில் கட்டுகிற வேலை என்று சொல்லி ஆட்களைத் திரட்டினான். செம்மரம்தான் என்று போகிறவனுக்கும் தெரியும், அனுப்புகிறவளுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தார்ப்பாயைப் போர்த்திய வண்டியில் ஏறினார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வண்டியில் திரும்பி வந்தார்கள். கண்ணாயிரம் எந்த வண்டியிலும் வரவில்லை.

சின்னதம்பிக்கு மேலே ஒருவன் இருந்தான். பெயர் ரமேஷ் என்றான். அவன் முகத்தை மலையில் யாரும் பார்த்ததில்லை. அவனுக்குப் போன்தான் முகம். கண்ணாயிரம் வராமல் போன பிறகு அவன் செவ்வந்தியிடம் தினமும் காலையில் பேசினான். "சாப்ட்டியாம்மா? உன் வூட்டுக்காரன வேற வேலைக்கு பெங்களூர் அனுப்பிகீறேன். செல்லு எடுக்காத எடம். கவலையே வாணாம், நான் கீறன்ல" என்பான். சொல்லி முடித்ததும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பான். நான்கு மாதம் அந்தக் குரலை நம்பி அவள் எந்த அலுவலகத்துக்கும் போகாமல் இருந்தாள்.

பிறகு ஊர் ஆண்கள் சின்னதம்பியைப் பிடித்தார்கள். சந்தையிலிருந்து இழுத்து வந்து ஓடையோரப் புளியமரத்தில் கட்டினார்கள். முதல் அடி சின்னக்குழந்தையுடையது. கண்ணாயிரம் எங்கே விழுந்தான், எந்த இடம் என்று கேட்கத்தான் கட்டினார்கள். அடிக்கத் தொடங்கிய பிறகு கேட்க மறந்துபோனார்கள். செவ்வந்தி கத்தினாள்: "வாயில அடிக்காதீங்க, அவன் சொல்லணும்." யார் காதிலும் ஏறவில்லை. தாடை நொறுங்கிப் போனவன் ஏதோ சொல்ல முயன்றான். வாயிலிருந்து இரத்தம் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தான். சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு நின்றுபோனது. அந்த வாரத்தோடு ரமேஷின் போனும் நின்றது.

ஊமத்தங்கொல்லையில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் கிடைக்காத சாவுக்கு, விழுந்த இடத்து மண் ஒரு பிடி வேண்டும். அதைத்தான் பிணமாக வைத்துப் புதைப்பார்கள். அந்த மண்ணை யாரும் போய் அள்ளி வந்துவிட முடியாது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் தன் கையாலேயே அள்ள வேண்டும். அள்ளியதைப் பார்த்த இன்னொருவன், செத்தவனின் பங்காளியாக இருப்பவன், காவல் தெய்வமான வேடியப்பன் கல்லில் வலது கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அப்போதுதான் சாவு சாவாகும், தாலி இறங்கும், அவள் வேறொரு வீட்டுக்குப் போகலாம்.

காவலூரில் டெம்போ ஓட்டும் பார்த்திபன் அவளைக் கேட்டு இரண்டு முறை பஞ்சாயத்துக்கு வந்தான். இரண்டு முறையும் ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம் ஒரே பதில் சொன்னார்: "மண்ணு வரட்டும். புருசன் உசுரோட கீறானோ இல்லியோ, யாருக்குத் தெரியும்?" சின்னக்குழந்தை கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் கண்டுணர்வு சுற்றுலா வந்தது. மலையில் சாமையும் புளியும் விற்கும் உற்பத்தியாளர் குழுவைக் கொல்கத்தாவில் நடந்த சிறுதானியக் கண்காட்சிக்கு அழைத்திருந்தார்கள். குழு அதிகாரி கோகிலவாணி பதினான்கு பேரைக் காட்பாடியில் ரயிலேற்றினாள். சின்னக்குழந்தையும் அதில் ஒருவன். செவ்வந்திக்குக் கண்காட்சியில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக் காட்டுகிற வேலை. அதற்கான சுத்தியைக் கையோடு கொண்டுபோனாள். குட்டையான இரும்புத் தலை, வேங்கைப் பிடி. எத்தனையோ பருவம் புளி தட்டித் தட்டி அந்தப் பிடியில் அவள் விரல்களின் பள்ளம் விழுந்திருந்தது.

கண்காட்சி முடிந்த மறுநாள் ஊர் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. காலையில் மேல்தளம் திறந்த பஸ், மத்தியானம் ஆற்றில் படகு. பஸ்ஸின் மாடிக்கு ஏறியதும் சாந்தம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தாள். குழுவில் அவளே மூத்தவள்.

"இன்னாடி இது, கூரையே இல்ல. லாரில நின்னுகினு போறதுக்கா ரெண்டு நாளு ரயில்ல வந்தோம்?"

"லாரின்னா தார்ப்பாய் போடுவான். இது அதுவும் இல்ல," என்றான் சின்னக்குழந்தை. இரண்டு பேர் சிரித்தார்கள். செவ்வந்தி சிரிக்கவில்லை.

பஸ் நகர்ந்தது. முன்வரிசையில் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை.

"வணக்கம். என் பேரு சந்திரன். நமக்கும் வேலூர்ப் பக்கம்தான். அங்க லாட்ஜ்ல வேல பாத்தேன், வைத்தியத்துக்கு வர்ற பெங்காலிக்காரங்களோட பேசிப் பேசி பாஷ வந்திடிச்சி. பத்து வருசமா இங்கதான் பொழப்பு. யாரும் எழுந்து நிக்காதீங்க. ரோட்டோர மரத்துக் கிளையெல்லாம் தலைல இடிக்கும், சொல்றப்ப குனிஞ்சிக்குங்க. கவலையே வாணாம், நான் கீறன்ல."

மூக்கால் சிரித்தான்.

செவ்வந்தி சட்டென்று நிமிர்ந்தாள். மைக்கின் வழியாக வந்ததால் அந்தக் குரல் போனில் கேட்டதைப் போலவே தகரமாக இருந்தது. முகம் தெரிந்திருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெரிய மைதானம், வெள்ளைப் பளிங்கு மண்டபம், குதிரை வண்டிகள் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு கிளை அவள் நெற்றியில் அடித்துத் தோலைக் கிழித்தது. சாந்தம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டு, "குனின்னு சொன்னாரே, காதுல வாங்கலியா?" என்றாள்.

"காதுல நல்லா வாங்கினேன்," என்றாள் செவ்வந்தி.

மத்தியானம் படகு. இரண்டு தளம். மேலே நாற்காலிகள், பாட்டு, தேநீர். ஹூக்ளி செம்மண் நிறத்தில் அகன்று ஓடியது. எல்லாரும் இரும்புப் பாலத்தைப் பார்க்க முன்பக்கம் ஓடினார்கள். சந்திரன் சிகரெட் பிடிக்கப் பின்பக்கப் படியில் கீழே இறங்கினான். செவ்வந்தி பையிலிருந்து சுத்தியை எடுத்து முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே இறங்கினாள்.

கீழே என்ஜினின் இரைச்சல். கம்பி வேலிக்கு அப்பால் தண்ணீர் நுரைத்துப் பின்வாங்கியது. அவன் முதுகைக் காட்டி நின்றான்.

"ரமேஷு."

அவன் திரும்பினான். திரும்பிய பிறகுதான் திரும்பியிருக்கக் கூடாது என்பது அவன் கண்ணில் தெரிந்தது.

"என் பேரு சந்திரன்மா."

"ஊமத்தங்கொல்ல. கண்ணாயிரம் வூடு. காலைல போன் பண்ணுவியே, சாப்ட்டியாம்மான்னு கேப்பியே."

"எனக்குத் தெரியாது. நீங்க ஆள் மாத்திப் பேசறீங்க."

அவள் சுத்தியை வீசினாள். முழங்காலில் விழுந்தது. புளியம்பழத்தின் ஓடு உடைவது போலத்தான் சத்தம் கேட்டது. அவன் அலறியது என்ஜினில் கரைந்தது. கீழே சரிந்தவன் அவள் கூந்தலைப் பற்றி இழுத்து, முகத்தை வேலிக் கம்பியில் மோதினான். இரண்டு பல் போயிற்று. இரண்டாம் முறை மோதினான். அவள் வாயில் ஊறிய இரத்தத்தை அவன் கண்ணில் துப்பினாள். பிடி தளர்ந்தது. அடுத்த அடி தோள்பட்டை எலும்பில். அவன் இடது கை தொங்கிவிட்டது. அவள் அவன் நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்து, சுத்தியின் தலையை அவன் பல்வரிசையின்மேல் வைத்தாள்.

"வாய ஒடைக்க மாட்டேன். வாய் எனக்கு வேணும். எந்த எடம்?"

அவன் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். ரேணிகுண்டாவுக்கு அந்தப் பக்கம், சாலைப் பாலத்திலிருந்து ஓடைக்குள் கொஞ்ச தூரம். மற்ற கூலிகள் கிளம்பிப் போன பிறகு, கடைசிக் கட்டைகளை லாரியில் ஏற்றும்போது அடுக்கு சரிந்து கண்ணாயிரத்தின் இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு?"

"போனா எல்லாரும் மாட்டுவோம். வண்டிய எடுக்கச் சொல்லிட்டாங்க. அவன் கத்தினே இருந்தான். ரோட்டுக்குக் கேக்கும்."

"இன்னா பண்ணீங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சுத்தியால் பல்லை லேசாகத் தட்டினாள்.

"கல்லு," என்றான். "மூணு பேரு. நானும் ஒருத்தன். ரெண்டு பேரு இப்ப இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஓடைக்குள் கிடந்த கல்லின் அளவு என்ன, எத்தனை முறை தூக்கினார்கள் என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் இவன். இவன் வலது கை முழுசாக இருந்தது. அடிக்கும்போதுகூட அவள் அந்தக் கையைத் தொடவில்லை.

படியில் காலடி கேட்டது. அண்ணியைத் தேடி வந்த சின்னக்குழந்தை கடைசி இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டான். அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, சந்திரனின் கழுத்தை வலது கையால் கவ்வித் தூக்கினான். முதுகை வேலிக் கம்பியில் வளைத்தான். சந்திரனின் கால்கள் தரையை விட்டு எழும்பின. தலை தண்ணீருக்கு மேலே தொங்கியது.

"வுடு அவன," என்றாள்.

"எங்கண்ணன கல்லால அடிச்சிகீறான்."

"அதான் வுடுங்கறேன். அவன் கை வேணும் எனக்கு. அவன்தான் அள்ளணும்."

"தெரியும் அண்ணி. மண்ணு வந்தா நீ பார்த்திபன் வூட்டுக்குப் போய்டுவ. எங்கண்ணனுக்கு இன்னா மிச்சம், சொல்லு. பதினோரு வருசம் உனுக்கு சோறு போட்டவன் கேக்கறேன்."

"எம் மரத்துப் புளிய வித்து எனக்கே போட்ட சோறு. சின்னதம்பிய கட்டி வெச்சிக் கொன்னீங்களே, அதுல உங்கண்ணனுக்கு இன்னா வந்திச்சி?"

அவன் இன்னும் அழுத்தினான். சந்திரனின் நாக்கு வெளியே வந்தது. முகம் கறுத்தது. இன்னும் ஒரு மூச்சில் பதினோரு வருஷமும் மறுபடி ஆரம்பித்துவிடும் என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. அவள் சுத்தியை இரண்டு கையாலும் ஓங்கி, கழுத்தை நெரித்தபடி கம்பிமேல் ஊன்றியிருந்த கொழுந்தனின் வலது மணிக்கட்டில் இறக்கினாள்.

எலும்பு இரண்டாகப் போயிற்று. கை விரிந்தது. சந்திரன் தளத்துக்குள் விழுந்து வாந்தி எடுத்தான். சின்னக்குழந்தை மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கத்தவில்லை. "என்னயே அடிச்சிட்டியே அண்ணி," என்றான் மெதுவாக.

அவள் சந்திரனின் பக்கம் குனிந்தாள். "ரெண்டு வழிதான். மேல பன்னெண்டு பேரு கீறாங்க. அதுல நாலு பேரு வூட்லயும் வேற தபா மரம் வெட்டப் போன ஆளு திரும்பல. இப்பவே போய்ச் சொல்றேன். இல்ல, என்கூட வந்து மண்ணு அள்ளிக் குடு. அந்த எடத்துக்கு நீ உசுரோட வந்து சேருவ. அது எம் பொறுப்பு."

படகு ஊழியன் ஓடிவந்தபோது, படியில் மூவரும் உருண்டுவிட்டோம் என்று சந்திரனே வங்காளத்தில் சொன்னான். போலீஸ் வந்தால் முதலில் தோண்டப்படுவது தன் கதைதான் என்பது அவனுக்குத் தெரியும். படித்துறையில் இறங்கியதும் கோகிலவாணி மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மூணு பேருமா ஒரே படியிலயா விழுந்தீங்க?"

"படி சரியில்லீங்க மேடம்," என்றாள் செவ்வந்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

சின்னக்குழந்தையின் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். சந்திரன் தன் ஊருக்கு வைத்தியத்துக்குப் போவதாகச் சொல்லி அதே ரயிலில் டிக்கெட் எடுத்தான். அவன் செவ்வந்திக்கும் சின்னக்குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தான். விஜயவாடாவில் வண்டி நின்றபோது தண்ணீர் பிடிக்கப் போவதாக எழுந்து, நொண்டிக்கொண்டே கதவை எட்டினான். அவள் பின்னால் போய் அவன் பாதத்தில் சுத்தியைப் போட்டாள். அதன் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. அவனைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்ததும், எதிர் சீட்டிலிருந்து சாந்தம்மாள், "பாவம், கால்ல சுத்தி வுழுந்திடிச்சா? பைய மேல வையேன்டி," என்றாள்.

ரேணிகுண்டாவில் மூன்று பேரும் இறங்கினார்கள். மற்றவர்களிடம் திருப்பதிக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். ஆட்டோவில் பாலம் வரைக்கும் போய், ஓடைக்குள் நடந்தார்கள். தண்ணீர் இல்லாத ஓடை. சந்திரன் கழியை ஊன்றி ஊன்றி முன்னால் போனான். ஒரு பாறை மறைவில் நின்று சுற்றிப் பார்த்தான். பிறகு இரண்டு பாறை தள்ளிப் போனான்.

"இங்கதான்."

"நிச்சயமா?"

"அவன் அந்த வேர பிடிச்சிகினு இழுத்து இழுத்து வந்தான். இங்க வரிக்கும் வந்தான்."

எலும்பு எதுவும் கண்ணில் படவில்லை. எத்தனையோ மழை அடித்துப் போயிருக்கும். செவ்வந்தி மஞ்சள் துணியை விரித்தாள். சந்திரன் குந்தி, வலது கையால் ஒரு பிடி மண் அள்ளி அதில் போட்டான். விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதையும் அவனையே பொறுக்கிப் போடச் சொன்னாள். துணியை முடிந்து இடுப்பில் செருகினாள்.

சின்னக்குழந்தை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் போனாள். பங்காளி என்று கண்ணாயிரத்துக்கு இருந்தவன் இவன் ஒருவன்தான். இவன் ஊரில் வாய் திறக்காவிட்டால் இடுப்பில் இருப்பது வெறும் மண்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கல்லுல கை வெச்சிச் சொல்லுவியா?"

அவன் பார்வை சந்திரனின்மேலேயே இருந்தது. செவ்வந்திக்குப் புரிந்தது. அவளிடம் விற்க ஒன்றுதான் இருந்தது.

"சொல்லுவன்னா, நான் முன்னாடி நடக்கறேன்," என்றாள்.

"சொல்லுவேன்," என்றான்.

சந்திரன் தரையில் இருந்தபடியே அவள் சேலையைப் பிடித்தான். "அம்மா, நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். உசுரோட அனுப்பறேன்னு சொன்ன."

"உசுரோட வந்து சேருவன்னு சொன்னேன். திரும்பிப் போவன்னு சொல்லல."

சேலையை உருவிக்கொண்டு நடந்தாள். முதல் கல் விழுந்த சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிறகு அலறல். அலறல் நடக்க நடக்கத் தேய்ந்து, பாலத்துக்கு வந்ததும் கேட்கவே இல்லை. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் நிற்கவில்லை. ரோட்டுக்குக் கேக்கும் என்று அவன் சொன்னது பொய் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அங்கே கத்தினால் ரோட்டுக்குக் கேட்காது. கண்ணாயிரத்தை அவர்கள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

சின்னக்குழந்தை வந்தபோது மாவுக்கட்டு சிவந்திருந்தது. பஸ் ஏறினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர் கூடியது. வேடியப்பன் கல்லுக்கு முன்னால் மஞ்சள் துணியை வைத்தார்கள். பஞ்சாட்சரம் கேட்டார்: "அள்ளினவன் எங்க?"

"அள்ளிட்டான். இங்க வரல," என்றாள் செவ்வந்தி.

"பாத்த பங்காளி யாரு?"

சின்னக்குழந்தை முன்னால் வந்து இடது கையைக் கல்லில் வைத்தான்.

"எடக்கை செல்லாது," என்றார் பஞ்சாட்சரம். "கட்டு பிரிஞ்ச பிறகு வா. ஒண்ணர மாசம்தானே, இம்மா வருசம் இருந்தவ அதுவரிக்கும் இருப்பா."

கூட்டம் கலைய எழுந்தது. பார்த்திபன் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டான். ஒன்றரை மாதத்தில் கொழுந்தனின் மனசு எத்தனை முறை மாறும் என்று செவ்வந்திக்குத் தெரியும். அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த ஒரு கல்லை இடது கையால் எடுத்து, தன் மாவுக்கட்டின்மேல் போட்டான். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாம் அடியில் கட்டு பிளந்தது. பெயர்த்து எடுத்தான். உள்ளே கை நீலம் பாய்ந்து வீங்கி, மணிக்கட்டில் கோணிக்கொண்டு நின்றது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கையை அவன் கல்லின்மேல் வைத்தான். விரல்கள் விரியவில்லை, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்து வைத்தான். நெற்றியிலிருந்து வேர்வை கல்லில் சொட்டியது.

"அவன் பாத்தவன். அவன் கையாலதான் அள்ளினான். நான் பாத்தேன்," என்றான். பிறகு செவ்வந்தியின் பக்கம் திரும்பாமலே, "எடுத்துக்கோ அண்ணி," என்றான்.

மண்ணைப் புதைத்தார்கள். தாலியை அவளே கழற்றினாள்.